சீற்றை இழுக்க வேண்டாம்

காலைப் பூசை முடிந்து வந்ததும் புளோறன்ஸ் அன்ரி நேரே வீட்டுக்குள் போவதில்லை. செபப் புத்தகத்தைக் காரின் கூரையில் வைப்பார். செருப்பைக் கழற்றி, இரண்டும் ஒன்றையொன்று தொடும்படி சுவரோரம் விடுவார். இடது பக்கக் கதவின் பிடியைச் சற்று மேலே தூக்கி, இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி, அதன் பிறகு இழுத்தால்தான் அது திறக்கும். ஏறி இருந்து கண்ணாடியை மூன்று சுற்று இறக்குவார். பழைய பேப்பரைப் பந்தாகக் கசக்கி முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைப்பார். பிறகு வலது கையை நீட்டி, கியர்த் தடியை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோய், கடைசியில் நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்ப்பார். இறுகிப் போகாமல் இருக்க. சாரதி உட்காரும் சீற்றை மட்டும், இருந்த இடத்திலிருந்தே சாய்ந்து, கை எட்டும் தூரத்துக்குத் துடைப்பார். எட்டாத மூலையில் தூசி படிந்திருந்தது. அதைத் துடைக்க அவர் ஒருநாளும் அந்தப் பக்கம் சுற்றிப் போனதில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருப்பார். இறங்கிக் கதவை இரண்டு தரம் அடிப்பார். முதல் அடியில் அது பூட்டாது.

மேல்மாடி யன்னலிலிருந்து நான் இதை ஒன்றரை வருடம் பார்த்தேன். அவர் நிமிரும் நேரத்தில் மட்டும் என் கண் புத்தகத்தில் இருக்கும்.

1996ஆம் ஆண்டு. நான் அதற்கு முன் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தவன். கோட்டையில் குண்டு வெடித்த பிறகு, யாழ்ப்பாணத்துப் பொடியளை வைத்திருக்க ஏலாது என்று லொட்ஜ்காரர் கையை விரித்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் எனக்குப் புரூவ் பார்க்கும் வேலை. அங்கேதான் ஒருவர் இந்த அறையைச் சொன்னார். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கை. அதில் நாலாவது வீடு. வாசலில் பழைய கார் ஒன்று நிற்கும், தவறவிட மாட்டாய் என்றார்.

கதவைத் திறந்த புளோறன்ஸ் அன்ரி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"நீர் என்ன உயரம்?"

"ஆறடிக்கு ஓரிஞ்சு குறைவு."

"அவரும் அவ்வளவுதான்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. "அறை மேலை இருக்கு. வாசல் நிலையிலை தலை அடிபடும், குனிஞ்சு போம். நாளைக்கே பொலிஸிலை பதிஞ்சு போடவேணும்."

அவர் என் தோளுக்கும் கீழே நின்றார். ஐம்பத்தேழு வயது. முழங்கால் மறைக்கும் கவுன், கழுத்தில் மாதா மெடல், ஒட்ட வெட்டிய நரைமுடி. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் கொம்பனியில் முப்பது வருடம் ரைப்பிஸ்ராக இருந்து ஓய்வு பெற்றவர். விறாந்தையில் இரண்டு பழைய ரைப்ரைற்றர்களை வைத்து அயல் பெட்டைகளுக்குப் பழக்கினார். பின்னேரங்களில் அந்த இரண்டு மெஷினும் ஒன்றையொன்று துரத்துகிற சத்தம் மேலே கேட்கும்.

'அவர்' யாரென்பது மெல்ல மெல்லத்தான் எனக்குத் தெரிந்தது. ஹியூபேட். அன்ரியின் கணவர், துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளை எண்ணிப் பதியும் கிளாக்கர். சனிக்கிழமைகளில் வேறு ஆள்: வெள்ளைச் சேட்டு, கழுத்தில் கறுப்பு ரை, காரின் மூக்கில் வெள்ளை றிபன். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் முகத்துவாரத்திலும் அந்த நாளில் தாலி கட்டிக்கொண்ட பெண்களில் பாதிப் பேர் அந்த மொறிஸ் மைனரில்தான் கோயில் வாசலில் இறங்கினார்கள். 1990 ஜூன் மாதம் யாழ்ப்பாணத்துக் குருநகரில் அவருடைய தமையன் இறந்துபோக, செத்தவீட்டுக்கு ரயிலில் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன் என்றுதான் போனார். அந்தக் கிழமையே சண்டை தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது.

முதலில் அங்கிருந்து வெளியேறப் பாஸ் கிடைக்கவில்லை; பிறகு தமையனின் மூன்று சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் செய்தி வரும். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம் என்பது விதி. யார் யாரெல்லாமோ பிரித்துப் படித்த பிறகு வந்துசேரும் அந்தத் தாள்களை அன்ரி காரின் முன்பெட்டிக்குள் வைத்திருந்தார். மழைக்காலத்தில் பொலித்தீனில் சுற்றி உள்ளே கொண்டு வருவார். அப்படிச் சுற்றும்போது ஒன்றை எனக்குக் காட்டினார். "நான் சுகம். பிள்ளைகளும் சுகம். றேடியேற்றருக்குத் தண்ணீர் பார். பற்றரியை இறங்க விடாதே. மழைக்கு முன் கூரைத் தகரத்தை மாற்று." கடைசித் தாள் 1995 செப்ரெம்பரில் எழுதப்பட்டது. அடுத்த மாதம் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் முழுவதும் ஓரிரவில் எழும்பி நடந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

"வந்து இறங்கினவுடனை அவர் வீட்டுக்குள்ளை வரமாட்டார். முதல் காரிலைதான் ஏறுவார்" என்றார் அன்ரி. "ஏறினவுடனை ஓடவேணும். அவ்வளவுதான் எனக்கு. வேறை ஒண்டும் வேண்டாம்."

கார் 1958ஆம் ஆண்டில் செய்தது. சாம்பல் கலந்த பச்சை. பக்கத் தூண்களுக்குள் மடிந்திருக்கும் சின்னக் கைகள் இரண்டு. திரும்பும்போது அந்தப் பக்கத்துக் கை வெளியே எழும்பி, செம்மஞ்சளாக எரியும். இப்போது இரண்டும் எழும்புவதில்லை. வாங்கிய கதையை அன்ரி பெட்டைகள் வராத ஒரு பின்னேரம் சொன்னார். 1968இல், வெள்ளவத்தை வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்றதாம்.

"அந்தப் பொம்பிளை அழுதழுது சாவியைத் தந்தவ. நாங்கள் எடுத்துக்கொண்டு காலி வீதியாலை வாறம், அடிச்சுது பார் ஒரு மழை! வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்யுது. இவர் தலையை வெளியாலை போட்டுக்கொண்டு 'பஸ் வருது, பஸ் வருது' எண்டு கொள்ளுப்பிட்டி மட்டும் கத்திக்கொண்டு வந்தார். புதுச் சேட்டெல்லாம் ஈரம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தது குறைவு. மழையில் தலையை வெளியே நீட்டியபடி ஸ்ரியறிங்கைப் பிடித்திருக்கும் ஓர் உயரமான மனிதரை நான் கற்பனை செய்துகொண்டேன். அன்றிரவு அதைக் கவிதையாக எழுதிப் பார்த்தேன். நான்கு வரியும் நனைந்த சேட்டைப் போலத் தொங்கின. கிழித்துவிட்டேன்.

காரில் பழுதில்லாத இடம் இல்லை. முன் வலது சில்லைத் தாங்கும் பூட்டுத் தேய்ந்து, ஒருநாள் நின்ற நிலையிலேயே சில்லு மடிந்து படுத்துவிட்டது. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்ட மாடு மாதிரி. எலி வயர்களைத் தின்றது. இடது பக்கத் தரை துருப்பிடித்து விழுந்து, அன்ரி ஏறி இருந்தால் ஒழுங்கையின் சீமெந்து தெரியும். பெற்றோல் பம்ப் செத்திருந்தது. ஒவ்வொன்றையும் அன்ரி ஒரு கொப்பியில் ரைப் அடித்த தாளாக ஒட்டி வைத்திருந்தார். சரியானதன் மேல் வரிசையாக x அடித்திருப்பார். ஒரு x விழும் கிழமையில் கீழே ஒரு புது வரி முளைக்கும்.

இவற்றைப் பார்க்க வருபவர் ராசிக். பஞ்சிகாவத்தையில், பழைய கார்களைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் கடைகளின் நடுவே ஒரு சின்னக் கறாஜ் வைத்திருந்தார். ஹியூபேட்டின் காலத்திலிருந்தே இந்தக் காரின் ஆள். குள்ளமானவர், எந்நேரமும் கதைத்துக்கொண்டிருப்பவர்.

"மிஸ், இந்தக் காருக்கு நான் ஒரு பக்கம் வெல்ட் வெச்சா, மத்தப் பக்கம் 'என்னய மறந்துட்டீங்களா'ண்டு கேக்குது."

"ஆளை வயசாலை மட்டுக்கட்டாதையும் ராசிக். உமக்கும் நாப்பதுதான் ஆகுது, தலையிலை ஒண்டையும் காணேல்லை."

"அது ஒங்கட காரால போன முடி மிஸ்." பிறகு மேலே பார்த்து: "என்ன கவிஞரே, எறங்கி வந்து ஒரு கை புடிங்களேன். நீங்க எழுதுற கவிதையில றைமிங்கும் இல்லயாம், மீனிங்கும் இல்லயாம். மிஸ்தான் சொன்னாங்க."

"நான் றைமிங் இல்லை எண்டுதான் சொன்னனான்" என்றார் அன்ரி.

தரை ஓட்டைக்கு ராசிக் பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றை வெட்டி ஒட்டினார். காலுக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அன்ரி காலையில் அங்கே இருக்கும்போது, கியரை மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அவருடைய இடது கால் அந்தச் சீமாட்டியின் முகத்தை அழுத்தி விடுவதைக் கண்டிருக்கிறேன். சில மாதங்களில் முகம் தேய்ந்து வெறும் தகரம் ஆகியது.

ஒரேயொரு விதி இருந்தது. சாரதியின் சீற்றை அசைக்கக் கூடாது. அது தண்டவாளம் போன்ற இரண்டு கம்பிகளில் முன்னும் பின்னும் போகக்கூடியது. கால் நீண்ட ஹியூபேட் அதைக் கடைசிப் பல் வரைக்கும் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார். ராசிக் காரை முன்பின் எடுக்கவேண்டி வந்தால், முதுகுக்குப் பின்னால் தலையணை ஒன்றை வைத்து, சீற்றின் விளிம்பில் தொங்கியபடி கால் நுனியால் மிதிப்பார்.

"ரயிலுக்குப் போகேக்கை அவர் சொன்னது அது ஒண்டுதான்" என்றார் அன்ரி. "'வந்து ஏறேக்கை முழங்கால் அடிபடும், சீற்றை இழுக்க வேண்டாம்.' வேறை ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு நாளிலை வாற ஆள் என்னத்தைச் சொல்லுறது?"

ஞாயிறுகளில் வத்தளையிலிருந்து அவருடைய தங்கை றஞ்சிதம் வருவார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஒவ்வொரு கிழமையும் அதே கதைதான் தொடங்கும்.

"இந்தத் தகரத்தை வித்துப்போட்டு என்னோடை வந்து இருங்கோவன் அக்கா. அங்கை வளவு கிடக்குது, காத்துக் கிடக்குது."

"அவர் இஞ்சை வந்து தேடுவார்."

"தேடினால் அங்கம்மா சொல்லுவாள், வத்தளைக்குப் போட்டினம் எண்டு." ஒழுங்கை முகப்பில் இடியப்பம் அவித்து விற்பவர் அங்கம்மா.

"கார் வாசலிலை நிக்கவேணும்" என்பார் அன்ரி. கதை முடிந்துவிடும்.

அடுத்த வருடம் பெப்ரவரியில், ஒரு திங்கட்கிழமை, பொலிஸ் சார்ஜன் ஒருவர் கொப்பியோடு ஒழுங்கைக்குள் வந்தார். குண்டுப் பயத்தில் நகரம் முழுவதும் அந்த வேலை நடந்தது. ஓடாமல் நிற்கிற, ஆளில்லாத வாகனங்களை அப்புறப்படுத்தவேண்டும். அவர் காரைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தார்.

"மேக்க துவனவத நோனா?" ஓடுமா அம்மா என்று கேட்டார்.

"துவனவா மஹத்தயா" என்றார் அன்ரி, உடனேயே. ஓடும்.

அன்று காரின் இரண்டு சில்லுகளுக்குக் கீழே கல் இருந்தது. பற்றரி ராசிக்கின் கறாஜில் இருந்தது. சார்ஜன் கல்லைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு கிழமை தருகிறேன், அடுத்ததற்கு அடுத்த திங்கள் ஒன்பது மணிக்கு வருவேன், என் கண் முன்னால் ஓட்டிக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் லொறி வந்து இழுத்துக்கொண்டு போகும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்; அன்ரி பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். இழுத்துக்கொண்டு போன வாகனங்கள் ஒரு வெட்டவெளியில் மழையில் கிடப்பதை நாங்கள் எல்லோரும் கண்டிருந்தோம்.

அந்த இரண்டு கிழமையும் அன்ரி ரைப்பிங் வகுப்பை நிறுத்தினார். ராசிக்கோடு பஞ்சிகாவத்தைக்குப் போய், எண்ணெய்க் கறை படிந்த கடைகளுக்குள் நுழைந்து, உதிரிகளை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து வாங்கினார். முன் சில்லின் பூட்டு இரண்டு கிடைத்தன, இரண்டு வேறு வேறு கார்களிலிருந்து. நாலு டயரில் மூன்று ஒரே அளவு. வயர் புதிது. ராசிக் பம்பைக் கழற்றிப் பூட்டி, சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. ஸ்பனரின் பிடியால் அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். டிக்... டிக், டிக், டிக்.

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். ஏழு வருடமாக அந்தச் சத்தத்தை அவர் கேட்கவில்லை. பெற்றோல் நிரம்பியதும் டிக்டிக் நின்றது. "இன்னொருக்கா" என்றார். ராசிக் நிறுத்தி, மறுபடியும் திருப்பினார்.

வியாழக்கிழமை எஞ்ஜின் ஸ்ராட் வந்தது. ஒழுங்கை முழுக்கப் புகை. அங்கம்மா இடியப்பத் தட்டை மூடிக்கொண்டு திட்டினார். மிஞ்சியது பிறேக் ஒன்றுதான்.

"மிஸ், பிறேக்கிட மெயின் பம்ப் ட்ரைவர்ட காலுக்குக் கீழ, தரைக்குள்ள ஈக்கி" என்றார் ராசிக். "சீற்றக் கழட்டாம அதுக்குக் கை போகாது."

"சீற்றைத் தொடக்கூடாது எண்டு உமக்குத் தெரியும்."

"ஆணியால கோடு ஒண்டு கீறுறேன் மிஸ். கழட்டிட்டு அதே கோட்டுல, அதே பல்லுல வெச்சித் தாரேன். அல்லா அறிய, ஒரு நூல் பிசகாது."

"நீர் கோடு பாத்து வைக்கிறது வேறை. அவர் வைச்சிட்டுப் போனது வேறை."

"பிறேக் இல்லாத காரு காரில்ல மிஸ், கல்லு. உருண்டுகிட்டே போகும்."

"ஹாண்ட் பிறேக் பிடிக்குதுதானே?"

"பின்னால ரெண்டு சில்லுக்குப் புடிக்கும். அத நம்பியா..."

"ஒழுங்கை முகப்பு மட்டும் போய் வாறதுக்கு அது காணும், அதுவே போதும்."

ராசிக் தலையணையைப் பார்த்தார், தன் குட்டைக் கால்களைப் பார்த்தார். "சரி, நானே ஓட்டுறேன்" என்றார். "திங்கக்கெழம எட்டு மணிக்கி வாரேன். எனக்குப் புள்ள நாலு ஈக்கி, அத மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க." நான் யன்னலில் இருந்தேன். பிடிவாதம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஓர் இடத்தை ஒருவர் விட்டுப்போன வடிவிலேயே வைத்திருப்பது பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தும், அது என் கண்ணுக்குக் கீழே நடந்தபோது எனக்குத் தெரியவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு ராசிக் வரவில்லை. எட்டரைக்கு மூலைக் கடைக்கு ரெலிபோன் வந்தது. யாரோ பெரிய ஆள் போவதற்காக மருதானைப் பக்கத்து ரோட்டெல்லாம் பூட்டு. ஒரு சைக்கிளைக்கூட விடுகிறார்கள் இல்லை. மத்தியானத்துக்கு முதல் வர ஏலாது. கடைக்காரர் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்ரி வாசலில் நின்றார். பூசைக்கு உடுத்த நல்ல கவுன், கையில் ஹாண்ட்பாக். ஒழுங்கையில் கார் ஓடத் தெரிந்த இரண்டு ஆண்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சார்ஜன் முகப்பில் திரும்பினார். பின்னால், ஜம்பட்டா வீதியில், ஒரு லொறி வந்து நின்றது.

அன்ரி திரும்பி மேலே பார்த்தார். முதல் தடவையாக என்னால் புத்தகத்துக்குள் போக முடியவில்லை.

"தம்பி, இறங்கி வாரும்."

வந்தேன்.

"ஏறும்."

"எனக்கு ஓடத் தெரியாது அன்ரி. நான் சைக்கிள்தான்..."

"ஓடத் தெரிஞ்ச ஆள் எனக்கு வேண்டாம். கால் நீளமான ஆள் காணும்."

ஏறினேன். சீற் என்னை அப்படியே ஏற்றுக்கொண்டது. முழங்காலுக்கும் ஸ்ரியறிங்குக்கும் நடுவே ஒரு கையளவு இடம். கால்கள் மூன்று மிதிகளிலும் தானாகவே போய் இருந்தன. வேறொருவரின் செருப்புக்குள் கால் வைத்தது போல இருந்தது. அன்ரி இடது பக்கம் ஏறிக் கதவை இரண்டு தரம் அடித்தார்.

சார்ஜன் என் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்து ஏதோ கேட்டார். எனக்கு அப்போது சிங்களம் சந்தியில் தேத்தண்ணீர் கேட்கிற அளவுக்குத்தான். 'லைசன்' என்ற சொல் மட்டும் விளங்கியது. அன்ரி ஹாண்ட்பாக்கைத் திறந்து, பழைய சிறிய புத்தகம் போன்ற ஒன்றை என் மடிக்கு மேலாக நீட்டினார். சார்ஜன் அதை விரித்துப் பார்த்தார். அன்ரியைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகி, ஒரு நீண்ட வசனம் சொல்லிச் சிரித்து, அதைத் திருப்பிக் கொடுத்தார். அதில் 'நோனா' மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. காரின் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"சாவியைத் திருப்பும்." டிக், டிக், டிக். "நிண்டிட்டுது. இப்ப அந்தக் குமிழை இழும்." எஞ்ஜின் பிடித்தது. "இடது கால். முழுக்க மிதியும்." அவருடைய வலது கை கியரைப் போட்டது, சத்தமே இல்லாமல், வெண்ணெய்க்குள் கத்தி போல. "இனி மெல்ல விடும். நிறைஞ்ச கோப்பையை மேசையிலை வைக்கிற மாதிரி. மெல்ல எண்டன்!"

கார் ஒருதரம் துள்ளிச் செத்தது. மறுபடியும் சாவி, மறுபடியும் குமிழ். இரண்டாம் தடவை, ஒழுங்கைச் சுவர் தானாகப் பின்னுக்குப் போகத் தொடங்கியது. நாங்கள்தான் போகிறோம் என்று விளங்க ஒரு கணம் பிடித்தது.

முகப்பில், அடுப்புக்கு முன்னால் குனிந்திருந்த அங்கம்மா நிமிர்ந்தார். புகைக்குள்ளால் காரைப் பார்த்தார். ஸ்ரியறிங்குக்குப் பின்னால், கூரையைத் தொடுகிற உயரத்தில் ஒரு தலை. அவர் கையிலிருந்த இடியப்பத் தட்டு கீழே விழுந்தது.

"அடியாத்தே! ஹியூபேட்டு ஐயா வந்துட்டாரா!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாது, ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தால் செத்தோம் என்றிருந்தேன். ஹாண்ட் பிறேக்கின் மேல் இருந்த சிறிய கை மட்டும் கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. வீதி வந்ததும் அன்ரி, "இடது பக்கம் திருப்பும்" என்றார்.

"திரும்பி வாறது எப்பிடி அன்ரி? எனக்குப் பின்னுக்கு எடுக்க..."

"பின்னுக்கு எடுக்கத் தேவையில்லை. சுத்திக்கொண்டு வருவம்."

அவர் முன்னே சாய்ந்து ஒரு விசையைத் தட்டினார். காரின் இடது தோளிலிருந்து அந்தச் சின்னக் கை, பாதி எழும்பி, நடுங்கி, பிறகு முழுவதும் எழும்பியது. செம்மஞ்சளாக எரிந்தது. பின்னால் வந்த பஸ் நின்று எங்களுக்கு வழி விட்டது.

ஜம்பட்டா வீதியில் ஒரு சிறிய இறக்கம் இருக்கிறது. நடக்கும்போது தெரியாது. பிறேக் இல்லாத காரில் இருந்தால் தெரியும். மிதியை மிதித்தேன், கால் தரை வரைக்கும் போனது, ஒன்றும் நடக்கவில்லை. எதிரே ஒரு கைவண்டி, மூட்டைகளோடு.

"அதை விடும், அது செத்தது. கிளச்சை மிதியும்." அவர் கை மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தது. "விடும்!" எஞ்ஜின் ஊளையிட்டுக் காரைப் பிடித்து நிறுத்தியது போல மெதுவாகியது. "பிறேக் இல்லாட்டி என்ன, கியரிலை பிடிப்பம்." கைவண்டிக்காரர் எங்களைக் கடந்துபோய்த் திரும்பிப் பார்த்துத் திட்டினார். அன்ரி கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி மன்னிப்புக் கேட்பது போல ஆட்டினார். இருபத்திரண்டு வருடம் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இதெல்லாம் பழகிவிடும்போல என்று நினைத்தேன்.

மூன்று இடது. பிறகு மறுபடியும் எங்கள் ஒழுங்கை. வாசலில் அவர் ஹாண்ட் பிறேக்கை இழுத்தார். சார்ஜன் பொனற்றில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி "லஸ்ஸனய்" என்றார், வடிவாயிருக்கிறது என்று. கொப்பியில் ஏதோ எழுதி அன்ரியிடம் கையெழுத்து வாங்கினார். லொறி வெறுமனே போனது.

நான் இறங்கியதும் அன்ரி சாய்ந்து, சீற்றின் அடிக்கம்பியைப் பார்த்தார்.

"அசையேல்லை" என்றார்.

அங்கம்மா அழுதுகொண்டு வந்தார். "மன்னிச்சுக்கங்க அம்மா, வாய் தவறி..." அன்ரி அவர் தோளைத் தட்டினார். "எனக்கும் அப்பிடித்தான் இருந்தது அங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மத்தியானம் வரைக்கும் வெளியே வரவில்லை.

இரண்டு மணிக்கு ராசிக் வியர்த்துக்கொண்டு ஓடிவந்தார். கார் நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண்டு நெஞ்சில் கை வைத்தார். "யாரு ஓட்டினது?"

"இவர்தான்" என்றார் அன்ரி என்னைக் காட்டி.

"கவிஞரா? பிறேக் இல்லாமயா?" கொஞ்சம் யோசித்தார். "அதுசரி. கவிதயும் அப்பிடித்தானே போகுது."

அந்த வருடக் கடைசியில் எனக்கு வெளிநாடு சரிவந்தது. புறப்பட்ட காலையும் அவர் பூசையால் வந்து, செருப்பைக் கழற்றி, காரில் ஏறி இருந்தார். நான் பயணப் பையோடு கீழே நின்றேன். போய்வருகிறேன் என்று சொல்ல அந்த ஐந்து நிமிடமும் முடிய வேண்டியிருந்தது. காத்திருந்தேன்.

யாழ்ப்பாணப் பாதை 2002இல் திறந்தது. அடுத்த ஓகஸ்டில் நான் வந்தபோது கொட்டாஞ்சேனை வீட்டில் வேறு ஆட்கள். அன்ரி 1999இல் பிறஷர் கூடி இறந்துவிட்டார் என்று அங்கம்மா சொன்னார். ஹியூபேட் பற்றி ஒரு செய்தியும் வந்திருக்கவில்லை. வத்தளைக்குப் போனேன். றஞ்சிதத்தின் வளவில், தென்னை ஓலைக் கொட்டிலுக்குள் கார் நின்றது. சீற் கடைசிப் பல்லிலேயே இருந்தது. ஏறி இருந்து பார்த்தேன். முழங்காலுக்கு முன்னால் அதே கையளவு இடம்.

றஞ்சிதம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். செஞ்சிலுவைத் தாள்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, பழைய சிறிய புத்தகம் ஒன்று. சார்ஜனின் கையில் நான் கண்ட அதேதான். விரித்தேன். சாரதி அனுமதிப் பத்திரம். 1960ஆம் ஆண்டு. படத்தில் இரட்டைப் பின்னலோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருபத்தொரு வயதுப் புளோறன்ஸ்.

"எங்கடை அப்பா கப்பல் கொம்பனித் துரைக்குக் கார் ஓடினவர். அக்காவுக்கு அவர்தான் பழக்கினவர்" என்றார் றஞ்சிதம். "அத்தானுக்கு அக்கா பழக்கினவ. கார் வாங்கேக்கை அவருக்கு ஒண்டும் தெரியாது. வெள்ளவத்தையிலை இருந்து அதை ஓடிக்கொண்டு வந்ததே அக்காதானே. அவை ரெண்டு பேரும் சண்டை பிடிச்சால் அந்தச் சீற்றாலைதான். அக்காவுக்குக் கால் எட்டாது, நாலு பல்லு முன்னுக்கு இழுத்துப்போட்டுத்தான் ஓடுவா. பிறகு அப்பிடியே விட்டிட்டு இறங்கிடுவா. அத்தான் வந்து ஏறி, முழங்காலை அடிச்சுக்கொண்டு ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கத்துவார்."